சூறாவளி போன பிறகு இறந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூன் 1 வந்துவிட்டது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் இன்று தொடங்கி நவம்பர் 30 வரை ஓடும். ஹூஸ்டனில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்தே தண்ணீர் கேன், பேட்டரி, ஜெனரேட்டர் என்று பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லோரும் வாங்கி வையுங்கள், நல்லதுதான். எனக்கு ஒவ்வொரு ஜூன் 1-க்கும் 2017 தான் ஞாபகம் வரும். அந்த வருஷத்தைப் பற்றி மனசில் கிடப்பதை ஒருமுறையாவது முழுதாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் பெயர் வைக்கப்பட்ட புயல்கள் 17. அதில் 10 சூறாவளிகளாக வளர்ந்தன, 6 பெருஞ்சூறாவளிகள். ஃபிராங்க்ளின் தொடங்கி ஒஃபீலியா வரை வரிசையாகப் பத்தும் சூறாவளி, நடுவில் ஒன்றுகூட சாதாரணப் புயலாக நின்றுவிடவில்லை. ஹார்வி, இர்மா, மரியா மூன்றும் நான்கே வாரத்துக்குள் வந்தன. ஹார்வி ஆகஸ்ட் 25-ஆம் தேதி டெக்சஸில் ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி மணிக்கு சுமார் 285 கிலோமீட்டர் காற்றோடு இர்மா கரீபியன் கடலில் உள்ள பார்புடா தீவின் மேல் ஏறியது. மரியா செப்டம்பர் 18 இரவு டொமினிகா தீவை நொறுக்கிவிட்டு, 20-ஆம் தேதி காலையில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவுக்குள் நுழைந்தது.

ஹார்வியின்போது நாங்கள் ஹூஸ்டனின் மேற்கில், பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். அப்படி ஒரு நீர்த்தேக்கம் அங்கே இருப்பதே வீடு எடுக்கும்போது எங்களுக்குத் தெரியாது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், உள்ளே பூங்கா, சைக்கிள் பாதை எல்லாம் இருக்கும். 1940-களில் நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கக் கட்டியது. அது நிரம்பினால் தண்ணீர் பின்னால் எவ்வளவு தூரம் ஏறும் என்ற கணக்கு அரசாங்கத்திடம் இருந்தது. இருந்தும் அந்த எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்ட அனுமதித்திருக்கிறார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பின்னால் வழக்கு நடந்து, 2019 டிசம்பரில் நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்று சொன்னது. சரி, அது தனிக் கதை.

மழை நான்கு நாள் நிற்கவே இல்லை. நீடர்லேண்ட் என்ற டெக்சஸ் ஊரில் 60.58 அங்குலம் பதிவானது. கிட்டத்தட்ட 154 சென்டிமீட்டர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தனி ஆள், எழுபத்தெட்டு வயது. நுரையீரல் கோளாறு, ராத்திரியில் ஆக்சிஜன் மெஷின் போட்டுத்தான் தூங்குவார். அவர் வீடு தரைத்தளம் மட்டும், எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு. வாசல்படி மூழ்கியதும் அவரை எங்கள் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டோம். அப்போது என் அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். மாடிக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மெஷின் சட்டென்று நின்றது. அதன் ர்ர்ர் சத்தம் நின்றதும் அந்த அறையில் எழுந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

கைவசம் இரண்டு சின்ன சிலிண்டர்கள். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் ஒன்று ஐந்து மணி நேரம் வரும் என்றார் அவர். அம்மா டார்ச் வெளிச்சத்தில் சிலிண்டர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை என்னிடம் சொல்வாள். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது சிலிண்டர் பாதிக்கு வந்தபோது, லூசியானாவிலிருந்து தன் மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு வந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் தெருவுக்குள் வந்தார். பெரியவரை முதலில் ஏற்றினோம்.

அவர் டல்லாஸில் மகள் வீட்டுக்குப் போனார். நவம்பரில் இறந்துவிட்டார். சான்றிதழில் நிமோனியா என்று இருந்ததாம், அதோடு பழைய நுரையீரல் நோய்.

அவரைக் கொன்றது ஹார்விதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. வயதானவர், நோயாளி. வெள்ளமே வராமல் இருந்திருந்தாலும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருப்பாரா தெரியாது. ஆனால் இந்த ஒரு கேள்விதான் என்னை மரியாவின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

ஹார்வியைப் பற்றிய அமெரிக்க தேசிய சூறாவளி மைய அறிக்கையில் நேரடிச் சாவு 68, மறைமுகச் சாவு 35 என்று இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கியது, மரம் விழுந்தது எல்லாம் நேரடி. மின்சாரம் தாக்கியது, ஆம்புலன்ஸ் வர முடியாமல் போனது போன்றவை மறைமுகம். அப்படியாவது இரண்டு பத்தி போட்டார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் இடம்பிடிக்க, யாராவது ஒருவர் ஒரு தாளில் சூறாவளியின் பெயரை எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்தச் சாவு எந்தப் பத்தியிலும் இல்லை.

புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்தது இதன் உச்சம். மரியா யபுகோவா என்ற ஊருக்கு அருகே, மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றோடு கரையைக் கடந்தது. தீவு முழுக்க ஒரு பல்புகூட எரியவில்லை. சுமார் 33 லட்சம் பேர். அங்கே மின் நிலையங்களில் பெரும்பகுதி தெற்கில், மின்சாரம் அதிகம் வேண்டிய சான் ஹுவான் வடக்கில், நடுவில் மலை. கம்பிகள் அந்த மலையின் மேலேதான் போகின்றன. மின் நிறுவனமோ கடனில் மூழ்கி, அதே வருஷம் ஜூலையில்தான் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தது. இரண்டு வாரம் முன்பு இர்மா உரசிப் போனதிலேயே பல்லாயிரம் வீடுகளுக்கு இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

அத்தனை மாதம் கரண்ட் இல்லை என்றால் என்ன அர்த்தம்? இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடாது, ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்கள் உண்டு, எலிக்காய்ச்சல் பரவியது. போன் கோபுரங்கள் விழுந்ததால் நெஞ்சுவலி வந்தால் யாரையும் கூப்பிட முடியாது. வியெக்கெஸ் என்ற சின்னத் தீவில் இருந்த ஒரே மருத்துவமனை பாழாகிப்போனதால், அங்கிருந்த டயாலிசிஸ் நோயாளிகள் வாரத்துக்கு மூன்று நாள் சிறு விமானத்தில் பெரிய தீவுக்குப் போய் வந்தார்கள். மாதக்கணக்கில். சிறுநீரகம் போனவர் ஒருவர் இப்படி அலைந்து, அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தால் அது எந்தக் கணக்கு?

அக்டோபர் 3-ஆம் தேதி அதிபர் டிரம்ப் அங்கே போனபோது அரசு சொன்ன எண்ணிக்கை 16. 2005-இல் வந்த காத்ரீனா சூறாவளியில் ஆயிரக்கணக்கில் இறந்ததோடு ஒப்பிட்டு, பெருமைப்படலாம் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனார். டிசம்பரில் அது 64 ஆனது, அங்கேயே மாதக்கணக்கில் நின்றது. அந்த நேரத்தில் மருத்துவமனைப் பிணவறைகள் நிரம்பிக் கிடக்கின்றன என்று உள்ளூர்ச் செய்தியாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

2018 மே மாதம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் நேரில் கேட்டு, ஏறத்தாழ 4,645 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றார்கள். அந்த மதிப்பீட்டின் இரு எல்லைகள் 793-உம் 8,498-உம். இவ்வளவு அகலமான கணக்கை எப்படி நம்புவது என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கீழ் எல்லையைப் பாருங்கள். 64 அதன் பக்கத்தில்கூட இல்லை. அடுத்த மாதம் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மக்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் செருப்பு, ஷூக்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஜோடிகள். அரசு எண்ணாததைத் தாங்களே எண்ணிக் காட்டினார்கள்.

ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்தது. அவர்கள் செய்ததைப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். வழக்கமாக ஒரு செப்டம்பரில், ஒரு அக்டோபரில் தீவில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று முந்தைய வருஷங்களின் பதிவுகளிலிருந்து தெரியும். புயலுக்குப் பின் தீவை விட்டு வெளியேறியவர்களைக் கழித்துக்கொண்டார்கள். பிறகு 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். வித்தியாசம் 2,975. புவேர்ட்டோ ரிக்கோவின் அப்போதைய ஆளுநர் ரோசெல்லோ அதை அதிகாரபூர்வ எண்ணாக ஏற்றார். 64 எங்கே, 2,975 எங்கே!

தனி ஒருவரின் சாவுக்குப் புயல்தான் காரணமா என்று சொல்வது கஷ்டம், என் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்கே தெரியவில்லை. ஆனால் மொத்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. வயசானவர்கள் எப்படியும் போயிருப்பார்கள் என்று அலட்சியமாகச் சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். எப்படியும் போயிருக்கக்கூடியவர்கள் அந்த வழக்கமான எண்ணிக்கைக்குள் வந்துவிட்டார்கள். அதற்கு மேலே நிற்பவர்கள்தான் இந்த 2,975. ஏழை ஊர்களில் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் கூடியிருந்தது, ஆய்வு முடிந்த பிப்ரவரி வரை குறையவும் இல்லை. 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் அதே நிலைமை. பேரிடருக்குப் பின் சான்றிதழை எப்படி நிரப்ப வேண்டும் என்பது பல டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

வெறும் எண்தானே, செத்தவர் திரும்பியா வரப் போகிறார் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவருக்கு ஃபுளோரிடாவைக் காட்டுகிறேன். இர்மாவுக்குப் பின் ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்றுபோனது. கூப்பிடு தூரத்தில் பெரிய மருத்துவமனை, அங்கே கரண்ட் இருந்தது. இல்லத்துக்குள் வெக்கை ஏறிக்கொண்டே போய், புயல் கடந்து மூன்றாம் நாள்தான் எல்லோரையும் வெளியேற்றினார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே அந்தச் சாவுகளை யாரும் முதுமையின் கணக்கில் எழுதவில்லை, கொலை என்றே பதிவு செய்தார்கள். விளைவு, 2018-லேயே சட்டம் வந்தது. முதியோர் இல்லங்கள் நான்கு நாளைக்கு ஜெனரேட்டர் ஓட்டி, சுமார் 27 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேரைச் சரியாக எழுதியதால் ஒரு மாநிலத்தின் சட்டமே மாறியது.

புவேர்ட்டோ ரிக்கோவில் சரியாக எழுதாததற்கு என்ன விலை தெரியுமா? பேரிடரில் இறந்தவர்களின் ஈமச்செலவுக்கு மத்திய அரசின் உதவி உண்டு. ஆனால் பேரிடரால்தான் இறந்தார் என்று தாளில் இருக்க வேண்டும். 2018 ஜூலை முடியும்வரை 2,431 பேர் விண்ணப்பித்ததில் கிடைத்தது 75 பேருக்கு. அடக்கம் செய்யக் கடன் வாங்கிய குடும்பத்திடம் தாளில் மரியா இல்லையே என்று சொல்லி அனுப்புவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அம்மா அக்டோபரில் ஊருக்குத் திரும்பினாள். நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரியில் ஒக்கி. கரண்ட் இல்லாததால் இரண்டு நாள் கழித்துத்தான் போன் கிடைத்தது. "கடலுக்குப் போனவங்க எத்தன பேருன்னே இன்னும் தெரியலியாம் மக்ளே. கரையில விழுந்த மரத்தையும் போஸ்டையும்தான் எண்ணிக்கிட்டிருக்காங்க" என்றாள். காணாமல் போனவரை இறந்தவர் என்று ஏற்க ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் நம்முடையது. தூத்தூர்ப் பக்கம் பெண்கள் வீதிக்கு வந்து கத்திய பிறகுதான் அந்த எண்ணிக்கைக்கே மரியாதை வந்தது. இதற்கு மேல் ஒக்கியைப் பற்றி இங்கே எழுதவில்லை, அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

இங்கே இருக்கும் நம் ஆட்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சூறாவளிக்குப் பிறகு சில மாதங்களுக்குள் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யாராவது தவறினால், டாக்டரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். கரண்ட் எத்தனை நாள் இல்லை, மருந்து எத்தனை நாள் தவறியது, எந்த முகாமில் இருந்தார், எல்லாவற்றையும். சான்றிதழில் புயலையும் ஒரு காரணமாகக் குறிப்பிட இடம் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (CDC) 2017 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. கேட்பதில் தப்பே இல்லை.

பெரியவரின் மகள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். டாக்டர் வெள்ளத்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். இருமல் எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாராம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து என்று இவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் குறித்துக்கொண்டாராம். சான்றிதழில் அது வரவில்லை.