தீக்குச்சி ரீலும் எங்கள் தேனும்

நேற்றும் ஒருவர் அந்த ரீலை அனுப்பியிருந்தார். தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுகிறார்கள். பற்றினால் அசல், பற்றாவிட்டால் கலப்படமாம். அப்புறம் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுகிறார்கள். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் சுத்தத் தேனாம். "அண்ணே, நீங்களும் இப்படி ஒண்ணு போடுங்க, யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று நல்ல மனசோடுதான் சொல்கிறார்.

போட மாட்டேன். சீனிப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், அதுவும் அடியில்தான் போய் உட்காரும். அசல் தேனிலேயே ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குச்சி பற்றாது. இது தெரிந்துகொண்டே அந்த வேடிக்கையைக் காட்டி விற்றால், நாளைக்கு யாராவது என் தேனில் குச்சியை முக்கிவிட்டுப் பற்றவில்லை என்று வந்து நிற்பார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் விளைகளில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற குடும்பம் எங்களுடையது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக இங்கே பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியதை அப்பா தன் தாத்தா சொன்ன கதையாகச் சொல்வார். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் சென்னையில் இருக்கிறவர் என் பாட்டிலை ஏன் வாங்க வேண்டும்? அதற்காகத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் போனைத் தூக்கினேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். இன்ஸ்டாகிராமில் பூ மேல் தேனீ உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றைப் போட்டு, 1,500 ரூபாய் கட்டி விளம்பரமாக பூஸ்ட் செய்தேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்ற இடத்தில் இந்தியா முழுக்க என்று நானேதான் விட்டிருக்கிறேன். லைக் குவிந்தது. மொழி தெரியாத ஊரிலிருந்தெல்லாம் இதயம் அனுப்பினார்கள். போனில் கூப்பிட்டது ஒரே ஒருவர். தேன்பெட்டி தொழில் தொடங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு, முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வைத்தார்.

அந்தப் படமே பாதிப் பொய் என்பது வேறு விஷயம். எங்கள் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிறபோது, மூன்று சிற்றிலையும் காம்போடு சேருகிற இடத்தில் இனிப்பு நீர் வடியும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. இதைத் துளிர் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவாகச் சொன்னேன். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதிலிருந்துதான் கேள்விகள் வர ஆரம்பித்தன, கேள்வி கேட்டவர்கள் வாங்கினார்கள்.

அடுத்தது ஒரு மார்கழியில் நடந்தது. கூகுள் மேப்பில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, அடியில் வெள்ளையாகக் கட்டிப்போன பாட்டிலின் படத்தையும் ஏற்றியிருந்தார். "சீனி கலந்த தேன், ஏமாற்று" என்று எழுத்து. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மச்சான், நாலு பேரை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாம் என்றான். மனசு ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. பிறகு அதற்குக் கீழேயே பதில் எழுதினேன்: தேனில் இருக்கும் குளுக்கோஸ் பிரிந்து மணி மணியாகக் கட்டும், ரப்பர் தேனில் அது சீக்கிரமே நடக்கும், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், திருப்தியில்லை என்றால் பணம் திரும்பத் தருகிறேன். அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை. பரவாயில்லை. புதிதாகக் கூப்பிடுகிறவர்களில் பலர் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

விற்பனை உண்மையில் நடப்பது வாட்ஸ்அப்பில். பிசினஸ் ஆப்பில் கேட்டலாக் போட்டு விலையைக் கட்டாயம் எழுதுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல். இன்னொன்று, தெரியாமல் நான் ஒரு வருஷம் வீணடித்தது: பிராட்காஸ்டில், அதாவது ஒரே தடவையில் பலருக்கு நாம் அனுப்புவது, நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போகும். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்று நினைத்து நான்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது பாட்டில் லேபிளிலேயே பெரிய எழுத்தில் "இந்த நம்பரை சேவ் பண்ணுங்க" என்று அச்சடித்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இதிலும் இரண்டு பாட்டில் போன அனுபவம் உண்டு.

இந்த சீசனில் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரப்பதம் தெரியும். 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போன வாரம் ஒரு டின் 22 காட்டியது. அப்படியே வீடியோ எடுத்து, இதை நீர் குறைக்காமல் பாட்டிலில் அடைக்க மாட்டோம், அடைத்தால் புளித்துப் போகும் என்று சொல்லிப் போட்டேன். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "லே, நம்ம சரக்கு சரியில்லன்னு நாமளே சொல்லுவமா?" என்றார்.

தீக்குச்சி ரீலுக்கு இரண்டு லட்சம் பார்வை. என்னுடையதற்கு 340. இவ்வளவுதானா என்று நான் சோர்ந்துபோய் அப்பாவிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணைப் பார்த்தார். "முந்நூத்தி நாப்பது பேருக்குத் தெரிஞ்சு போச்சாலே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.