தையல் அக்காவின் நோட்டில் இருந்த என் மெடிக்கல் ரிப்போர்ட்

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. யாருக்கு என்ன அளவு என்று தேதி போட்டு எழுதி வைத்திருப்பார். போன வருஷம் சுடிதார் தைக்கக் கொடுத்தபோது பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்குத் தோளும் கையும் அப்படியேதான் இருக்கு. வயிறு மட்டும் 29லேருந்து 34க்கு வந்திருக்கு பாரு." கேலியாகச் சொல்லவில்லை. துணி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு 22 வயதில் பிசிஓடி, அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி, என்று சொன்னார்கள். இப்போது 41. இந்த 19 வருஷத்தில் எத்தனை ஸ்கேன் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் எடை பார்த்திருக்கிறார்கள். என் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்தது தையல் அக்கா மட்டும்தான்.

என் எடை 57 கிலோ, உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் பிஎம்ஐ 22.8. எந்த அட்டவணையில் தேடினாலும் நான் "நார்மல்". அதனால் டாக்டர்கள் யாருக்கும் கவலை இல்லை, எனக்கும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒழுங்காக அளந்து பார்த்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் பார்க்க வேண்டும். (எக்காமல் என்பதுதான் கஷ்டமே.) 86 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 80, அதாவது 31.5 இன்ச். செ.மீ.யெல்லாம் ஞாபகம் இருக்காது என்றால், உயரத்தில் பாதிக்கு மேல் வயிறு போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது 79.

வயிறு இப்படி என்றால் சர்க்கரை எப்படியோ என்று டாக்டரிடம் போய் குளுக்கோஸ் தண்ணி குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டைக் கேட்டேன். "ஒல்லியாத்தானே இருக்கீங்க, எதுக்கு?" என்றார். விடாமல் கேட்டு எழுதி வாங்கினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 96. இரண்டு மணி நேரம் கழித்து 168. வெறும் வயிற்று ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். 75 கிராம் குளுக்கோஸுக்கு அப்புறம் 140க்குக் கீழே இருக்க வேண்டியது, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், எத்தனை வருஷமாகவோ.

என் கோபம் அந்த டாக்டர் மேல் இல்லை. இந்த நோய்க்கு வைத்த பெயர் மேல்தான் கோபம். 1935ல் சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் நின்றுபோனவர்கள், சினைப்பை வீங்கி மணி மணியாக இருந்தது. சினைப்பையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் மாதவிடாய் திரும்பியது. அன்றைக்கு எல்லாருடைய கண்ணும் சினைப்பையில் போய் ஒட்டியதுதான், இன்றுவரை எடுக்க முடியவில்லை. நாம் "நீர்க்கட்டி" என்று சொல்வது கட்டியே இல்லை. முழுசாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். அதைக் கட்டி என்று நம்பி, "கரைஞ்சிடுச்சா, கரைஞ்சிடுச்சா" என்று ஸ்கேன் ஸ்கேனாகப் பார்த்து அழுத பெண்கள் எத்தனை பேர்! நானும் அழுதிருக்கிறேன்.

விஷயத்தின் பெரும்பகுதி இன்சுலினில் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று தசைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. பிசிஓடி உள்ள பலருக்குத் தசை இன்சுலின் பேச்சைக் கேட்காது. கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தசை காது கொடுக்காத அதே இன்சுலினுக்குச் சினைப்பை நன்றாகவே காது கொடுக்கிறது. ஆண் ஹார்மோனைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. இன்னொரு பக்கம், அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. கட்டு அவிழ்ந்த ஹார்மோன் தாடையில் முடியாக, முகத்தில் பருவாக வருகிறது. தொடைக்கும் இடுப்புக்கும் போக வேண்டிய கொழுப்பு வயிற்றுக்குப் போகிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கேயும் கொழுப்பு படிய, இன்சுலின் பேச்சு இன்னும் எடுபடாமல் போகிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்தான்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். எடைக் கணக்கைத் தாண்டியும் இந்த இன்சுலின் கோளாறு இருக்கிறது என்று அமெரிக்காவில் ஆண்ட்ரியா டுனைஃப் குழு 1989லேயே எழுதிவிட்டது. அப்புறம் நம் உடம்பு வாகு வேறு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் டேப் வைத்து அளந்தபோது, இந்தியப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு வயிறு எல்லை தாண்டியிருந்தது. ஆண்களில் 12 சதவீதம்தான். தொப்பை ஜோக்கெல்லாம் ஆண்களை வைத்து, தொப்பை முக்கால்வாசி நம்மிடம்.

2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: பிசிஓடி உள்ள பெண்ணுக்கு, எடை என்னவாக இருந்தாலும் சர்க்கரை நிலையைப் பார்க்க வேண்டும், அதற்கு மிகச் சரியான டெஸ்ட் அந்த குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட்தான், அதையும் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். ரத்தக்கொழுப்பையும் பார்க்க வேண்டும். பிரஷர் வருஷத்துக்கு ஒருமுறையாவது. இதில் எதுவும் பணக்கார ஆஸ்பத்திரி வேலை இல்லை.

ஆனால் நம் வீடுகளில் பிசிஓடி என்றால் இரண்டே கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் "தேதி தள்ளிப்போகுதா?", பின்னால் "விசேஷம் உண்டா?". எனக்குப் பையன் பிறந்த அன்றோடு என் பிசிஓடி குணமாகிவிட்டதாக மாமியார் முடிவு செய்துவிட்டார். நானும் ஒத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். மாதா மாதம் மாத்திரை போட்டுத் தேதி சரியாக வந்தாலும் அப்படித்தான். அந்த மாத்திரையைக் குறை சொல்லவில்லை, அது செய்ய வேண்டியதை அது செய்கிறது. ஆனால் தேதி சரியாக வருவதும் இன்சுலின் சரியாவதும் ஒன்றில்லை. 15 வயதில் என் பின்கழுத்து கறுத்தபோது அம்மா கடலை மாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அழுக்கு இல்லை அது. இன்சுலின் ஏறியிருக்கிறது என்று உடம்பு கழுத்தில் எழுதிக் காட்டியது, படிக்கத் தெரியவில்லை.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு "ஏழு நாளில் அடிவயிறு கரையும்" பொடி விற்கிறவர்கள் இன்பாக்ஸுக்கு வராதீர்கள். அடிவயிற்றை மட்டும் தனியாகக் கரைக்கும் பொடியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியம்மா தினமும் கொள்ளு ரசம் அனுப்பினார். கொள்ளு நல்ல பயறுதான், சந்தோஷமாகக் குடித்தேன். கூடவே மூன்று கரண்டி சாதம் போட்டுக்கொண்டால் கொள்ளு பாவம் என்ன செய்யும்?

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. சாதத்தைப் பாதியாக்கிப் பயறு, முட்டை, காய் கூட்டினேன். இந்த டயட்தான் உசத்தி என்று எதையும் அந்த வழிகாட்டுதல் சொல்லவில்லை, அதனால் நம் சமையலிலேயே பார்த்துக்கொண்டேன். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் மொட்டைமாடியில் நடை. வாரத்தில் இரண்டு நாள் இரண்டு தண்ணீர் கேன்களைத் தூக்கி இறக்குவேன், உட்கார்ந்து எழுவேன். தசைக்கு வேலை கொடுத்தால் அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காது. எட்டு மாதத்தில் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. டேப்பில் 81. இரண்டு மணி நேர சர்க்கரை 137. எடை மிஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவது மாதமே வெறுத்துப்போய் விட்டிருப்பேன்.

எல்லாருக்கும் இப்படிக் குறையும் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறையவில்லை என்றால் அது சோம்பேறித்தனமும் இல்லை. "வாயைக் கட்டு" என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பெண்களை டாக்டரிடம் போகவிடாமல் செய்துவிட்டோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். 20 வயது. போன வாரம் பிசிஓடி என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா போனில் முதலில் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லிடாதடி, நாளைக்கு வரன் பாக்கணும்." பெண்ணோ, "சித்தி, நீங்க தாராளமா எழுதுங்க, பேரை மட்டும் போடாதீங்க" என்றாள். டேப்பை நீட்டினேன். வெட்கப்பட்டுக்கொண்டே அவளே அளந்தாள். சனிக்கிழமை காலை அவளை லேபுக்குக் கூட்டிப்போகிறேன். குளுக்கோஸ் தண்ணி குமட்டுமாமே, எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாமா என்பதுதான் இப்போதைக்கு அவளுடைய ஒரே கவலை. லேபில் கேட்டுவிட்டேன். கொஞ்சமாகப் பிழிந்துகொள்ளலாமாம்.