செம்புறாங்கல் பூமியில் தங்கம் தேடுவோருக்கு

தேவகோட்டைப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது வந்த சேற்றில் தங்கம் மின்னுகிறது என்று சொல்லும் காணொளியின் கீழ் நான் எழுதிய இரண்டு வரிக்கு வந்த வசவுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு நல்லது நடந்தால் பொறுக்காதவன் என்று எழுதியவர்களில் பலர் என் உறவினர்கள் என்பதுதான் வலிக்கிறது. ஆனாலும் மறுபடி சொல்கிறேன்: தங்கம் இருக்குமா என்பதைச் சேற்றில் மின்னும் துகளை வைத்து முடிவு செய்ய முடியாது, வட்டாரத்துப் பாறை என்னவென்று முதலில் பார்க்க வேண்டும்.

கோலாரில் தங்கம் கிடைத்தது, ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறைகள் உருமாறி நிற்கும், சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு குறுகிய பட்டையில். அதன் வெடிப்புகளில் ஏறிய வெந்நீர்க் கரைசல்தான் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) இழைகளோடு தங்கத்தையும் படிய வைத்தது. நம் பக்கமோ மேலே செம்புறாங்கல், அதன் கீழே மணற்கல்லும் களியும். மேற்கே போனால் கெட்டிப்பாறை வரும். அதுவும் கோலாரின் வகையன்று.

கோலாரிலும் முதலில் யாருக்குத் தெரியும் என்கிறார்கள். தெரியும். 1802இல் வாரன் என்ற படை அதிகாரி அங்கே போனபோதே ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவகங்கையில் கிராபைட் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அது கரிமம் மிகுந்த படிவுகள் கடும் சூட்டில் உருமாறியதால் வந்தது; தங்கத்துக்குச் சாட்சி ஆகாது. என் படிப்பை ஏளனம் செய்தவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சித்தப்பா மகன் அந்தச் சேற்றை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான். வெள்ளைத் தட்டில் அலசி, மின்னிய துகளை ஊசியால் அழுத்தச் சொன்னேன். தங்கமானால் நசுங்கித் தட்டையாகும். இது ஏடு ஏடாகப் பிரிந்தது. காக்காப்பொன், அதாவது மைக்கா. கண்ணால் பார்த்த பிறகும், "ஆழத்துல இருக்கும்ணே" என்றான். ஏனென்றால், பக்கத்து நிலத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அவன் மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடியிருக்க வேண்டுமா?

நீலகிரியில் கூடலூர், தேவாலாப் பக்கம் உண்மையாகவே தங்கம் உண்டு. அங்கேயே 1880 வாக்கில் லண்டனில் பங்கு விற்றுத் தொடங்கிய கம்பெனிகள் சில ஆண்டுகளில் கவிழ்ந்தன. எடுத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. இங்கே தங்கமே கிடைத்தாலும், 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் இருக்கையில், பட்டா வைத்திருப்பவர் தம் விருப்பத்துக்குத் தோண்டி எடுத்துவிட முடியாது.

நிலம் விற்கிறவரிடம் கேளுங்கள்: எந்த ஆழத்துக் கல், எந்தச் சோதனைச்சாலை, ஒரு டன்னுக்கு எத்தனை கிராம்? அந்தத் தாளைக் காட்டினால் என் பதிவை நானே எடுத்துவிடுகிறேன். அதுவரை, அதை நீக்கச் சொல்லி என் அப்பச்சியிடம் போய் முறையிடுவதை நிறுத்துங்கள்.