நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் ஓரங்கட்ட வேண்டும்?

வீட்டு கம்ப்யூட்டர் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து, பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது. ராம் 16 ஜிபி. ஆனாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லையாம்!

இடிப்பது பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் உண்டு, என்னுடையது 7. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். அதையாவது, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போய், எங்கோ ஒளிந்திருந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து எனேபிள் செய்தேன். மறுபடி சோதித்தால் டிபிஎம்முக்குப் பச்சை டிக், பிராசஸருக்கு அதே சிவப்புப் பெருக்கல் குறி. பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்றால் இந்த மதர்போர்டு புதியதை ஏற்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் பேங்க் கணக்கைத் திறக்க பயமாக இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளத்தைப் போடு என்கிறார்கள். சரி, நான் பழகிக்கொள்வேன். இத்தனை வருஷம் ஒரே இடத்தில் ஒரே ஐகானைப் பார்த்துப் பழகிய அம்மா என்ன செய்வார்? ஒரு பாகம்கூடப் பழுதாகாத பெட்டியைக் குப்பையில் போட எனக்கு மனசே வரவில்லை.