சுவர் இறங்கும் கணக்கு எங்கே?

பயிற்சிப் பட்டறையில் முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டக் கற்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, செயின்சாவை (சங்கிலி ரம்பத்தை)ப் பிடிப்பதையே பெரிதாகப் பேசுகிறது. கை தேற வேண்டியது ஸ்கிரைபரில், அதாவது கீழ்த்தடியின் வளைவை மேல் தடியில் கோடாகப் பதிக்கும் கவராயம் போன்ற கருவியில். மேல் தடியின் முனைகளை முதலில் தோராயமாகக் குடைந்து இறக்கி, இடைவெளியைக் குறைக்க வேண்டும். மிச்சமுள்ளதில் மிக அகலமான இடைவெளியை அளந்து, அதைவிடச் சற்றுக் கூட்டி ஸ்கிரைபரைப் பூட்டிய பின், அந்தத் தடி முழுக்கக் கோடு போட்டு முடியும்வரை அளவைத் தொடவே கூடாது. ஸ்கிரைபரில் உள்ள குமிழி மட்டம் சாய்ந்தால் கோடும் பொய். பொருத்தில் வெளிச்சம் தெரியும். குடைவு எப்போதும் மேல் தடியின் அடிப்பக்கத்தில்தான். கீழ்த்தடியின் முதுகில் வெட்டினால் அது தண்ணீர்த் தொட்டி!

கட்டுரை விட்டது, சுவர் இறங்குவது. பச்சை (ஈரம் காயாத) மரத்தில் கட்டினால், அது காயும்போது சுருங்கி உயரம் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும், 2.4 மீட்டர் சுவரில் சுமார் 14 செ.மீ. கதவு, ஜன்னல் சட்டத்துக்கு மேல் அந்த விகிதத்தில் இடம் விடாவிட்டால் சுவரின் பாரம் சட்டத்தில் ஏறி, கதவு இறுகிவிடும். செங்குத்தாக நிற்கும் தூண் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அதனால் தூணில் திருகு ஜாக் (திருகி உயரத்தை மாற்றும் தாங்கி) வைத்து, சுவர் இறங்குவதற்கு ஏற்ப அதை அவ்வப்போது இறக்க வேண்டும். நாலு வரிசைச் சுவரோடு முடிகிற பட்டறையில் இது கண்ணில் படுவதே இல்லை.