ஊசிக்கு முன் இரண்டு வார்த்தை

"ஒன்றுமில்லை தம்பி, ஊசி போட்டதும் தூங்கிவிடுவாய்." அவசரப் பிரிவில் கெட்டமின் என்ற மயக்க மருந்தைப் போடும்போது அன்றாடம் காதில் விழும் பொய் இது. செவிலியராக இருந்துகொண்டே சொல்கிறேன், இதை நிறுத்த வேண்டும்.

கெட்டமினைக் குறை சொல்லவில்லை. வியட்நாம் போர்க்களத்தில் பெயர் எடுத்த மருந்து. சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலும் மூச்சும் அடங்காது, ரத்த அழுத்தமும் விழாது. விலகிய மூட்டை ஏற்றிவிட, தீக்காயத்தைச் சுத்தம் செய்ய அருமையாகக் கைகொடுக்கும். ஆனால் அது தருவது தூக்கம் அல்ல. உடம்பு ஒரு பக்கம், மனது ஒரு பக்கம் என்று பிரித்துவிடும். கண் திறந்தே இருக்கும், கருவிழி ஆடும். தெளியும் நேரத்தில் பெரியவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குப் பயமும் குழப்பமும் வரலாம் என்று பாடப் புத்தகங்களே சொல்கின்றன. பயந்துகொண்டே மயக்கத்துக்குள் போகிறவர் பயந்துகொண்டே வெளியே வர வாய்ப்பு அதிகம்.

தை மாதத்தில் பாலமேடு, அலங்காநல்லூர் பக்கமிருந்து தோள் விலகி வரும் பையன்களைப் பாருங்கள். வாடிவாசலில் பாய்ந்த காளை இன்னும் கண்ணுக்குள் நிற்கும். அப்படி வந்த ஒருவன் தெளியும்போது "மாடு, மாடு" என்று அலறிக் கட்டிலைத் தாண்டப் பார்த்தான். அவன் அம்மா நேராகப் பாண்டி கோயிலுக்குக் கயிறு கட்ட அழைத்துப் போனார். கட்டட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அது மருந்தின் வேலை என்று அந்த அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லையே!

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, உடம்பு மிதப்பது போல இருக்கும். எங்கள் பேச்சு தூரத்தில் கேட்கும். கனவு மாதிரி ஏதாவது தெரியும், எல்லாம் மருந்தால்தான். கால் மணி, அரை மணியில் தெளிந்துவிடும், நான் பக்கத்திலேயே இருப்பேன். உனக்குப் பிடித்த இடம் ஒன்றை நினைத்துக்கொள்." வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். விழித்த கண்ணைப் பார்த்து ஆள் போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தவர்கள் உண்டு. அரைமயக்கத்தில் கிடப்பவன் காதில் அதுவும் விழும்.

கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். சிரிஞ்சில் மருந்து ஏற்றும் நேரம் போதும். அமைதிப்படுத்த மிடசோலம் என்ற மருந்து இருக்கிறதே என்பார்கள். தேவைப்பட்டால் கொடுக்கலாம், படபடப்பை அடக்கும். ஆனால் கண்காணிப்பும் கூடுதலாக வேண்டும், பேச்சுக்கு அது மாற்றும் ஆகாது. நினைவில்லாமல் வருகிறவரிடம் முன்கூட்டிப் பேச முடியாதுதான். தெளிந்த பிறகு சொல்லலாம் அல்லவா?

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரை எழுதத்தானே செய்கிறோம்? அதன் கீழே "ஒரு நாள் வரை கெட்ட கனவு வரலாம், மருந்தின் விளைவு, பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்க அரசாணை எதுவும் தேவையில்லை.