80 ஆச்சுன்னா கன்னைக் கழட்டுங்க சார்

சென்னை ஓஎம்ஆரில், நவலூரில் இருக்கும் ஈவி (மின்சார வண்டி) சார்ஜிங் ஸ்டேஷனில் நான் ஒரு சாரிடம் சத்தம் போட்ட விஷயம் குரூப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கு ‘சார்ஜிங் போலீஸ்’ என்று பட்டமும் கொடுத்தாயிற்று. சந்தோஷம். யூனிஃபார்ம் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த வீடியோ நான் சத்தம் போட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் நடந்தது இதுதான். அங்கே இருப்பது ரெண்டு கன், அதாவது வண்டியில் செருகுகிற சார்ஜிங் பிளக். ஒன்று வேலை செய்யவில்லை, அதன் வாயில் பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் அந்த சாரின் வண்டி. ஸ்கிரீனில் 91 சதவீதம், ஏறுகிற வேகம் 11 கிலோவாட். 60 கிலோவாட் சார்ஜரில்! அவர் சீட்டைச் சாய்த்துப்போட்டு, ஏசியை ஓடவிட்டு, போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே வெயிலில் ஒரு கால் டாக்ஸி டிரைவர். “சார், 90 தாண்டிடுச்சு, கொஞ்சம் கழட்டினீங்கன்னா ஒரு டிரிப் பிடிச்சுடுவேன்” என்று கேட்கிறார். கண்ணாடி ரெண்டு விரல் அளவுக்கு இறங்குகிறது. “நூறு ஆகட்டும்ப்பா, வெயிட் பண்ணு.” கண்ணாடி ஏறிவிட்டது.

நான் அப்போதுதான் இறங்கிப் போனேன். இப்போதும் சொல்கிறேன், ஆள் காத்திருக்கும்போது பாட்டரி 80 சதவீதம் ஆனால் கன்னைக் கழட்ட வேண்டும்.

இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, பாட்டரி வேலை செய்கிற விதம் அப்படி. செல்லின் வோல்டேஜ் உச்ச வரம்பை நெருங்க நெருங்க வண்டியே கரண்ட்டைக் குறைத்துத்தான் வாங்கும். 10-லிருந்து 80 வர ஒரு மணி நேரம் எடுக்கிற வண்டி, மிச்சம் 20-க்கே கிட்டத்தட்ட இன்னொரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அந்த நேரத்தில் பின்னால் நிற்கிறவர் முக்கால் பாட்டரி ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். இது புரிந்துதான் டெஸ்லாவே 2023-ல் அமெரிக்காவில், கூட்டமான ஸ்டேஷன்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஏற்றினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்க ஆரம்பித்தது. அங்கே போய் “நூறு ஆகட்டும்ப்பா” என்று சொல்லிப் பாருங்கள்.

“காசு கொடுத்துத்தானே போடுறார்” என்கிறீர்கள். யூனிட்டுக்குத்தான் காசு, இடத்துக்கு இல்லை.

“எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பாட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லி கம்பெனியே சொல்கிறதே” என்று ஒரு நண்பர் மேனுவலையே படம் எடுத்துப் போட்டிருந்தார். நன்றி. செல்களைச் சமன்படுத்த அது தேவைதான், நான் மறுக்கவில்லை. அதை வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில், ராத்திரி முழுக்க நிதானமாகச் செய்யலாம் சார். ஓஎம்ஆரில் நாலு பேர் பார்க்கப் பார்க்கத்தான் பாட்டரி சமனாகும் என்று எந்த மேனுவலில் இருக்கிறது?

“நெடுந்தூரம் போகிறவராக இருந்தால்?” நியாயமான கேள்வி. நானும் கேட்டேன். பெரும்பாக்கம் போகிறாராம். அப்புறம் என்ன?

போன தீபாவளிக்கு விழுப்புரத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது திண்டிவனத்தில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பாண்டிச்சேரி வண்டி, வயசான ஒருத்தர். பின் சீட்டில் அம்மா காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. “பாண்டி இங்கதான தம்பி இருக்கு, எனக்கு இது போதும், நீங்க போடுங்க” என்று அவராகவே வந்து கன்னைக் கழட்டி என் கையில் கொடுத்தார். அவர் வண்டி 80-கூட ஆகியிருக்கவில்லை. அம்மா இன்றைக்கும் அவரை விசாரிக்கிறாள், ஏதோ நம் சொந்தக்காரர் மாதிரி.

சரி, “டாக்ஸிக்காரங்க அவங்க கம்பெனி யார்டுல போட்டுக்க வேண்டியதுதானே” என்ற கமென்ட்டுக்கு எத்தனை லைக் என்று பார்த்தேன். எண்ண விருப்பமில்லை. அவர் வண்டியில் பச்சை நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து, நம் வண்டியில் வெள்ளை எழுத்து. அதனால் கரண்ட் வேறயா? நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவருக்கு அன்றைய கலெக்‌ஷன். பெட்ரோல் பங்கில் ஆட்டோக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்வோமா?

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது, “வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாதவன் ஏன் ஈவி வாங்கினான்” என்பது. அதை எழுதியவருக்கு என் கதை தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். என் பார்க்கிங்கில், என் மீட்டரிலிருந்து, என் செலவில் ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் இழுக்க எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனிடம் எழுதிக் கொடுத்தேன். தீப்பிடிக்கும் என்றார்கள். 2023 டிசம்பர் புயலில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றதே என்றார்கள். நின்றதுதான். அதே பேஸ்மென்ட்டில் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் போகிற கரண்ட் மட்டும் நீச்சல் தெரிந்த கரண்ட்டா? கடைசியில் செகரட்டரி சொன்ன காரணம், “உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.” கேட்கட்டுமே! புதுக் கட்டடங்களில் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளில் 2019-லேயே சேர்த்தாயிற்று. எங்கள் கட்டடம் பழசு, அதனால் நான் நவலூரில் க்யூவில் நிற்கிறேன். வீட்டிலேயே பாயிண்ட் வைத்திருக்கிற புண்ணியவான்கள் அதே க்யூவுக்கு வந்து 100 வரை உட்கார்ந்துகொண்டு, எனக்கு வசதியில்லை என்கிறார்கள்.

அந்த சாருக்கும் வீட்டில் பாயிண்ட் இருக்கிறதாம். அதையும் அவரே குரூப்பில் எழுதியிருக்கிறார், பெருமையாக.

அசோசியேஷனுக்குத் திரும்ப ஒரு லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை எலெக்ட்ரீஷியனின் லோடு கணக்கோடு. எங்கள் பிளாக்கில் ஈவி வைத்திருக்கும் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் இன்பாக்ஸ் வரவும். என்னைத் திட்ட வேண்டும் என்றால் கமென்ட்டிலேயே திட்டலாம், பதில் சொல்கிறேன். “டீசல் வண்டிக்கே போயிடு” என்று எழுதினால் மட்டும் பிளாக்தான்.